தோபியாவின் நாயும் மூச்சில் கலந்த மருந்தும்

திருமணத் திருப்பலிகளில் தோபித்து நூலை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். தோபியாவும் சாராவும் முதல் இரவில் இணைந்து எழுப்பிய மன்றாட்டு நம் நெஞ்சில் நிற்கிறது. அந்நூலில் இரண்டு வாயில்லா உயிர்களும் இடம்பெறுகின்றன என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று, திக்ரீசு ஆற்றில் தோபியாவின் காலைக் கவ்வத் துள்ளி வந்த மீன். அதன் பித்தப்பை, இதயம், ஈரல் ஆகியவற்றை எடுத்து வைக்குமாறு வானதூதர் இரபேல் பணிக்கிறார். அந்தப் பித்தமே பின்னர் முதியவர் தோபித்தின் கண்களைத் திறக்கிறது. மற்றொன்று ஒரு நாய். தோபியா பயணம் புறப்படும்போது அதுவும் உடன் புறப்படுகிறது. அவர் வீடு திரும்பும்போது அதுவும் பின்னால் வருகிறது. அதற்குப் பெயர் இல்லை. அது என்ன செய்தது என்றும் சொல்லப்படவில்லை.

விலங்கின் உறுப்பிலிருந்து மனிதனுக்கு மருந்து கிடைப்பதும், அந்த வழியில் நாய் ஒன்று உடன் நடப்பதும் பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோன செய்திகள் அல்ல. இருபதாம் நூற்றாண்டில் இதே நிகழ்ச்சி வேறு வடிவில் நடந்தேறியது. நீரிழிவு நோயாளரைக் காக்கும் இன்சுலினின் வரலாறுதான் அது. ஊசியின்றி மூச்சின் வழியாகவே இன்சுலினை உடலுக்குள் செலுத்தும் முயற்சி அவ்வரலாற்றின் ஒரு கிளை. அந்தக் கிளையைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அங்கும் விலங்குகளே முன்னால் நடந்தன. அவற்றிடம் நாம் பட்ட கடன் எத்தகையது, அதை எவ்வாறு தீர்ப்பது என்னும் வினா இன்னும் நம் முன் நிற்கிறது.

முதலில் தொடக்கத்துக்குச் செல்வோம். 1889-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, யோசப் ஃபான் மெரிங் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தனர். உணவுச் செரிமானத்தில் அவ்வுறுப்பின் பங்கை அறிவதே அவர்களுடைய விருப்பம். ஆனால் அந்த நாய் அளவின்றிச் சிறுநீர் கழித்தது. அதைச் சோதித்தபோது சர்க்கரை நிறைந்திருந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரை உருக்கி வந்த ஒரு நோயின் இருப்பிடம் ஓர் ஊமை விலங்கின் வேதனையில் வெளிப்பட்டது. கணையத்திலிருந்து இரத்தத்திற்குள் ஏதோ ஒன்று சுரக்கிறது, அது இல்லாவிட்டால் உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாது என்னும் எண்ணம் அறிவியலாரிடையே வேரூன்றியது.

அந்த 'ஏதோ ஒன்றை' வெளியே எடுக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய கனடா நாட்டு அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் பாண்டிங், 1920 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு தமக்குத் தோன்றிய எண்ணத்தைக் குறித்து வைத்தார். 1921 மே மாதம் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மக்ளியாடின் ஆய்வுக்கூடத்தில், சார்லஸ் பெஸ்ட் என்னும் இளைஞரோடு வேலையைத் தொடங்கினார். அக்கோடையில் நாய்கள் பல மாண்டன. கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்கு, வேறு நாய்களின் கணையத்திலிருந்து வடித்த சாற்றை ஊசியால் செலுத்தினர். சர்க்கரை இறங்கியது, எழுந்து நிற்க மாட்டாத விலங்கு எழுந்து நடந்தது. 92 என்று எண்ணிடப்பட்ட நாய் இறந்தபோது தாம் கண்ணீர் விட்டு அழுததைப் பாண்டிங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மனிதர் பலர் இறப்பதைப் போர்க்களத்தில் கண்டவர் அவர். 33 என்று எண்ணிடப்பட்ட மற்றொரு நாய்க்கு மார்ஜரி என்று பெயரும் சூட்டினர். கணையம் இல்லாமலே சாற்றின் துணையால் அது ஏறத்தாழ 70 நாள்கள் உயிரோடிருந்தது.

1922 சனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. பயன் போதவில்லை. ஜேம்ஸ் காலிப் என்னும் வேதியியலார் அதைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தார். சனவரி 23 அன்று மீண்டும் செலுத்தியபோது சிறுவனின் சர்க்கரை இறங்கியது. சாவின் வாயிலில் கிடந்த அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இங்கு ஒரு சிறு செய்தியைக் குறிப்பிட வேண்டும். காலை வேளையில் ஒரு பாட்டி 'இன்று இருபது யூனிட் போட்டேன்' என்று சொல்கிறார் அல்லவா? அந்த 'யூனிட்' என்னும் அளவு முயலிடமிருந்து வந்தது. எவ்வளவு மருந்து எவ்வளவு வலிமை உடையது என்பதை அறியத் தொடக்கக் காலத்தில் வேதியியல் வழி இல்லை. 24 மணி நேரம் பட்டினி கிடந்த இரண்டு கிலோ எடையுள்ள முயலின் இரத்தச் சர்க்கரையை, வலிப்பு உண்டாகும் அளவுக்கு, அதாவது 45 மில்லிகிராமுக்கு இறக்கத் தேவையான மருந்தே அளவுகோல் ஆனது. 1923-இல் எடின்பரோ நகரில் கூடிய பன்னாட்டு அறிஞர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கை ஓர் அலகு என்று வரையறுத்தனர். பசித்துத் துடித்த முயலின் நினைவு இவ்வாறு நம் வீடுகளில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது. உச்சரிப்பவர்களுக்கு அது தெரியாது.

இனி மூச்சுக்கு வருவோம். இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே விழுங்கினால் இறைச்சியையும் பருப்பையும் செரிப்பது போலவே வயிறு அதையும் செரித்துவிடும். எனவே ஊசி ஒன்றே வழியாயிற்று. ஒரு நாளுக்கு இருமுறை, மும்முறை, ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கு மேல் தம் உடலைத் தாமே குத்திக்கொள்ளும் மனிதரை நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில் நாம் காண்கிறோம். குழந்தைகள் ஊசியைக் கண்டு அழுவதையும், முதியோர் நடுங்கும் கைகளால் மருந்தை அளக்கத் தடுமாறுவதையும் கண்டோர்க்கு, 'வேறு வழி இல்லையா?' என்னும் கேள்வி இயல்பாகவே எழும்.

அந்தக் கேள்வி இன்சுலினோடு ஏறத்தாழ உடன்பிறந்தது என்பதே வியப்பு. டொராண்டோவில் மருந்து பிறந்து மூன்றாண்டுகள் முடிவதற்குள், 1924, 1925 ஆண்டுகளிலேயே, இன்சுலினைத் தூவலாக்கி மூச்சில் இழுக்கச் செய்யும் ஆய்வுகளை ஐரோப்பிய மருத்துவர்கள் வெளியிட்டனர். செருமனியைச் சேர்ந்த கென்ஸ்லென் 1925-இல் எழுதிய கட்டுரை அவற்றுள் ஒன்று. சர்க்கரை இறங்கத்தான் செய்தது. ஆனால் ஊசிக்குத் தேவைப்படும் அளவைப் போலப் பன்மடங்கு மருந்து தேவைப்பட்டது. ஒரு துளி மருந்துக்காகக் கசாப்புக்கூடங்களில் மாட்டுக் கணையங்களையும் பன்றிக் கணையங்களையும் திரட்டிய காலம் அது. அத்தகைய மருந்தை வீணாக்க எவரும் துணியவில்லை. அந்த எண்ணம் பல பத்தாண்டுகள் உறங்கியது.

நுரையீரலை ஏன் நாடினர்? படைப்பின் நுட்பத்தை இங்கே சிறிது நோக்குவோம். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் 70 முதல் 100 சதுர மீட்டர்வரை இடம்பிடிக்கும். அந்த அறைகளின் சுவர் மிக மெல்லியது. பல இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அச்சுவரின் மறுபுறம் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. காற்றிலுள்ள உயிர்வளி கடந்து செல்லும் அதே வாயிலில் மருந்தும் நுழையக் கூடாதா என்று அறிவியலார் எண்ணினர்.

ஆனால் வாயிலுக்குக் காவல் உண்டு. பெரிய துகள்கள் தொண்டையிலும் மூச்சுக்குழல் கிளைகளிலும் மோதி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணியவை வெளிமூச்சோடு திரும்பிப் போய்விடும். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் அளவுள்ள துகள்களே ஆழத்தில் சென்று படியும். அங்கும் அயற்பொருளை விழுங்கும் காவல் அணுக்கள் காத்திருக்கின்றன. தொடக்கக் காலத்துத் தூவல்களில் பெரும்பகுதி வழியிலேயே தொலைந்துபோனதன் காரணம் இதுவே.

இந்தத் தடைகளை ஆராய்ந்தவர்கள் மீண்டும் விலங்குகளிடமே சென்றனர். எலி, முயல், நாய், குரங்கு ஆகியவை ஆய்வுக்கூடங்களில் இன்சுலினைச் சுவாசித்தன. பல ஆய்வுகளில் முதலில் கணைய அணுக்களை அழிக்கும் வேதிப்பொருளை எலிக்குச் செலுத்தி, அதற்கு நீரிழிவை உண்டாக்குவர். பின்னர் மருந்தைக் கொடுத்துச் சர்க்கரை இறங்குவதை அளப்பர். எலி வாயால் மூச்சிழுக்கும் பழக்கம் இல்லாத உயிர். அதன் குறுகிய மூக்கு மருந்துத் துகள்களை வடிகட்டிவிடும். ஆகவே பல வேளைகளில் அதை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்குழலில் மெல்லிய குழாய் நுழைத்து மருந்தை உள்ளே அனுப்புவர். 'எலி சுவாசித்தது' என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். உண்மையில் பல வேளைகளில் அது சுவாசிக்க வைக்கப்பட்டது.

அத்தகைய ஆய்வுகளுள் 1997-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்னும் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்த ஒன்று புகழ்பெற்றது. டேவிட் எட்வர்ட்ஸ், ராபர்ட் லாங்கர் முதலியோர், இன்சுலினைப் பெரிய ஆனால் துளைகள் நிறைந்த துகள்களில் பொதிந்தனர். பஞ்சு போன்ற அத்துகள்கள் உருவில் பெரியவை, எடையில் மிகவும் இலேசானவை. எடை குறைவானதால் சிறு துகள் போலவே காற்றில் மிதந்து ஆழத்திற்குச் சென்றன. உருவில் பெரியதால் காவல் அணுக்களால் எளிதில் விழுங்க முடியவில்லை. விளைவு என்ன? துளையில்லாத சிறிய துகள்களைச் சுவாசித்த எலிகளில் சர்க்கரை 4 மணி நேரமே தாழ்ந்திருந்தது. துளையுள்ள பெரிய துகள்களைச் சுவாசித்தவற்றில் அது 96 மணி நேரம் தாழ்ந்திருந்தது. ஒரு மூச்சில் நான்கு நாள்கள்! ஊசியின் காலம் முடியப்போகிறது என்று பலர் நம்பியதில் வியப்பில்லை.

ஆயினும் எலியின் உடல் அளித்த விடை மனிதனின் வாழ்வுக்கு முழு விடை ஆகவில்லை. வரலாற்றில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

2006 சனவரியில், மூச்சில் இழுக்கும் முதல் இன்சுலினுக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்கியது. எக்சுபெரா என்னும் பெயரில் ஃபைசர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொணர்ந்தது. மேற்கூறிய எலி ஆய்வின் துகள்கள் அல்ல அவை. வேறு வழியில் செய்த உலர்தூள். அதிலும் ஊசியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இரத்தத்தை அடைந்தது. கருவியோ மூக்குக்கண்ணாடிப் பெட்டியளவு பெரியது. பயன்படுத்தும்போது இன்னும் நீளும். அலகில் அளந்து பழகியவர்கள் மில்லிகிராமில் அளக்க வேண்டியிருந்தது. விலையும் அதிகம். 2007 அக்டோபரில் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பு என்று கணக்கெழுதினர். மறு ஆண்டில், ஆய்வுகளில் அம்மருந்தைச் சுவாசித்தோருள் 6 பேருக்கும், சுவாசிக்காத ஒப்பீட்டுக் குழுவில் ஒருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் கண்டதாகத் தெரிவிக்கப்பட்டது. அந்த 6 பேரும் முன்னர்ப் புகைபிடித்தவர்கள். மருந்தே காரணம் என்று அந்த எண்கள் நிறுவவில்லை. ஆனால் அச்சத்தை விதைத்தன. இதே முயற்சியில் ஈடுபட்டிருந்த மற்ற இரு பெரும் நிறுவனங்களும் 2008-இல் ஒதுங்கிக்கொண்டன.

எலி என்ன சொல்லியிருக்க முடியும்? மருந்து இரத்தத்தை அடைகிறது, சர்க்கரை இறங்குகிறது என்று சொன்னது, அது பொய்யன்று. ஆனால் எலி புகைபிடிப்பதில்லை. புகைபிடிப்போரின் நுரையீரல் இன்சுலினைக் கூடுதலாக உறிஞ்சுவதும், ஆஸ்துமா உள்ளோரின் மூச்சுக்குழல் திடீரென இறுகிக்கொள்வதும் மனிதரிடமே வெளிப்பட்டன. கருவியைக் கையில் பிடிக்கும் முதியவரின் கூச்சத்தையும், மருந்துச் சீட்டைப் பார்த்து விலையைக் கேட்கும் குடும்பத்தலைவியின் தயக்கத்தையும் எந்த விலங்கும் முன்னறிவிக்காது. படைப்பு நமக்குச் சான்று பகரும்; ஆனால் நம் பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளாது.

2014 சூனில் அஃப்ரெசா என்னும் மற்றொரு மூச்சு இன்சுலின், வயதுவந்தோர்க்கென ஒப்புதல் பெற்றது. ஆல்ஃபிரட் மான் என்னும் செல்வர் தம் பெரும்பொருளை அதில் செலவிட்டார். கருவி உள்ளங்கையில் அடங்கும். ஒரு பால் விலங்குகளிடம் அதன் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது: எலிகள் 104 வாரங்கள், அதாவது ஏறத்தாழத் தம் வாழ்நாள் முழுவதும், மூக்கின் வழியே அத்தூளைச் சுவாசித்தன. அவற்றில் கட்டிகள் பெருகவில்லை. அப்படியிருந்தும், மனிதரில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் உண்டா என்று மேலும் ஆராயுமாறு அமெரிக்க அரசு பணித்தது. ஆஸ்துமா முதலிய நாள்பட்ட நுரையீரல் நோய் உடையவர்கள் அதைப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கையும் பெட்டிமேல் பொறிக்கப்பட்டது. தொடங்குமுன் நுரையீரலின் திறனைச் சோதிக்க வேண்டும். உணவு வேளைக்கான விரைவு மருந்தே அது. நாள் முழுதும் தேவைப்படும் இன்சுலினை ஊசியால் பெறுவோர்க்கு அந்த ஊசி தொடரத்தான் செய்யும். நம் நாட்டில் இதனை விற்க 2024 திசம்பரில் சிப்லா நிறுவனம் ஒப்புதல் பெற்றது. நூறாண்டுகளுக்கு முன் தூவலாகத் தொடங்கிய எண்ணம் இவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறது.

இவ்வரலாற்றை எப்படித் தீர்ப்பிடுவது? விலங்குகளை மனிதரின் விருப்பத்துக்கு விடப்பட்ட வெறும் பொருள்களாக எண்ணுவோரும் உளர். எந்த விலங்கையும் எக்காரணத்துக்காகவும் தொடலாகாது என்போரும் உளர். திருச்சபை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், மனித உயிரைக் காக்கவும் பேணவும் துணைபுரியும் ஆய்வுகள் நியாயமான எல்லைக்குள் நடைபெறுமானால் அவை ஏற்கத்தக்கவை என்கிறது. அடுத்த பத்தியிலேயே, தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலும் இதையே நினைவூட்டியது. 'தேவையின்றி' என்னும் சொல்லில்தான் முழுப் பொறுப்பும் அடங்கியுள்ளது. தேவை எது, தேவையற்றது எது என்பதை ஒருமுறை முடிவுசெய்து மூடிவைக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வி பயன் தந்திருக்கிறது என்பதற்கு இன்சுலினே சான்று. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர்கள், ஆய்வில் விலங்குக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என மூன்று நெறிகளை வகுத்தனர். நம் நாட்டில், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் எழுப்பிய குரலின் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது; ஆய்வுக்கூடங்களைக் கண்காணிக்கும் குழு அமைய வழி செய்ததும் அச்சட்டமே. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. கணையங்களுக்காகக் கசாப்புக்கூடங்களை நம்பியிருக்கும் நிலை படிப்படியாக மறைந்தது. மருந்தின் வலிமையை அளக்கும் பணியும் முயலிடமிருந்து வேதியியல் கருவிக்கு மாறியது. 'யூனிட்' என்னும் சொல் மட்டும் எஞ்சியது. முயல் விடுதலை பெற்றது.

விலங்குக்குச் செலுத்த வேண்டிய கடனின் ஒரு பாதி இது: வேதனையைக் குறைத்தல். மறு பாதி நம்மில் பலர் எண்ணாதது: அவ்வேதனையால் கிடைத்த கனி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. 1923 சனவரியில் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் இன்சுலினுக்கான காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். அதை வைத்துச் செல்வம் குவிக்க அவர்கள் விரும்பவில்லை. அவ்வாண்டு நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்ளியாடுக்கும் கிடைத்தபோது, முன்னவர் பெஸ்டோடும் பின்னவர் காலிப்போடும் பரிசுத் தொகையைப் பகிர்ந்துகொண்டனர். 92-ஆம் எண் நாய்க்காக அழுத மனிதர், அது பெற்றுத் தந்ததை விற்க மனம் ஒப்பவில்லை. இவ்விரண்டு செயல்களும் ஒரே நெஞ்சிலிருந்து பிறந்தவை என்றே நாம் கருதுகிறோம்.

மூச்சில் இழுக்கும் மருந்து வலியற்றது என்பதில் ஐயமில்லை. ஊசிக்கு அஞ்சும் ஒருவருக்கு அது அருள்போல் வரலாம். ஆனால் அது பணம் படைத்தவரின் வசதியாக மட்டும் நின்றுவிட்டால், ஊசி இன்சுலினைக்கூட வாங்க இயலாமல் ஒருவேளை மருந்தை விட்டுவிடும் கூலித் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்? நூறாண்டுகளாக நாயும் முயலும் எலியும் தம் உடலில் ஏற்ற வேதனை, கண்ணாடி அலமாரியில் விலைச்சீட்டோடு அமர்ந்துகொள்வதற்காகவா? தொடக்க நூலில் இறைவன் மண்ணால் செய்த மனிதனின் நாசிகளில் தம் உயிர்மூச்சை ஊதினார் என்று வாசிக்கிறோம். அந்த மூச்சுக்கு அவர் விலை கேட்கவில்லை.

ஆகவே அன்பர்களே, நம் பங்குகளில் நீரிழிவு மருத்துவ முகாம் நடத்தும்போது இவ்வரலாற்றையும் நினைவில் கொள்வோம். மருந்து வாங்க இயலாத ஒருவருக்கு ஒரு மாத மருந்தை நாம் வாங்கித் தரும்போது, மனிதருக்கு மட்டுமன்று, பெயரில்லாத பல உயிர்களுக்கும் நாம் கடன் தீர்க்கிறோம். ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கும் இதைச் சொல்வோம்: உங்கள் கையில் நடுங்கும் உயிர் ஓர் எண் மட்டும் அன்று.

தோபித்து நூலுக்கே திரும்புவோம். மீனின் பித்தத்தால் தந்தை பார்வை பெறுகிறார். வானதூதர் தம்மை வெளிப்படுத்தி விண்ணகம் ஏகுகிறார். குடும்பம் இறைவனைப் போற்றுகிறது. நாயைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அது பயணம் முடிந்து வீடு திரும்பியதை மட்டும் நூலாசிரியர் மறவாமல் எழுதி வைத்திருக்கிறார். டொராண்டோவில் நம்மோடு புறப்பட்ட நாய்கள் வீடு திரும்பவில்லை. அவற்றையும் எவரேனும் எழுதி வைக்க வேண்டும் அல்லவா?